நெதர்லாந்தில் ஒரு செமஸ்டர்: விமானம் ஏறுவதற்கு முன்பே பாதி முடிந்துவிடும்

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கடைமடை ஊர் எங்களுடையது. சிவில் மூன்றாம் வருடத்தில், ஐந்தாவது செமஸ்டரை மட்டும் மாணவர் பரிமாற்றத்தில் நெதர்லாந்தில் படித்துவிட்டு வந்தேன். ராட்டர்டாமிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஒரு ஊர். திரும்பி வந்ததிலிருந்து ஜூனியர் பிள்ளைகள் கேட்பது மூன்றே கேள்விதான்: ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எவ்வளவு எடுக்கணும், எவ்வளவு செலவாகும், குளிர் தாங்குமா. அங்கே வாங்கிய மார்க்கை நம்ம காலேஜ் எப்படிச் சேர்த்துக்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. போகும்போது நானும் கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தில் மதிப்பெண் 1 முதல் 10 வரை. 5.5 வாங்கினால் தேறிவிடலாம். 8 வாங்கினால் பேராசிரியரே கூப்பிட்டு நன்றாகச் செய்திருக்கிறாய் என்பார், 9 அபூர்வம், 10 என்பது பெயருக்கு இருக்கிறது. நம் ஊர் சிஜிபிஏவும் பத்துக்குத்தான். சிக்கலே அங்கேதான் வந்தது. ஏ, பி, சி என்று இருந்திருந்தால் யாராவது உட்கார்ந்து ஒரு மாற்று அட்டவணை போட்டிருப்பார்கள். இதுவும் பத்து, அதுவும் பத்து என்று பார்க்க ஒரே மாதிரி இருந்ததால், நான் படித்த கல்லூரி அலுவலகத்தில் 7.5-ஐ அப்படியே 7.5 என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். அங்கே வகுப்பில் முன்வரிசை மார்க், இங்கே வந்ததும் 8.9-ல் இருந்த என் சிஜிபிஏ 8.6 ஆனது. அழுது, மனு எழுதி, நடையாய் நடந்து, ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே விண்ணப்பம் போடும் அன்றே ஒரு தாள் தயார் செய்யுங்கள். அங்கே படிக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, எத்தனை கிரெடிட், மார்க்கை எந்தக் கணக்கில் மாற்றுவார்கள், இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்தும் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எங்கள் துறைத்தலைவர் நல்ல மனிதர், எல்லாம் பார்த்துக்கலாம்மா என்றுதான் அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று, எந்த செமஸ்டரில் போவது. ஏழாவதில் போகாதீர்கள், கேம்பஸ் இன்டர்வியூ அப்போதுதான் நடக்கும். அங்கே வகுப்பு செப்டம்பரில் தொடங்கி ஜனவரி கடைசியில் தேர்வோடு முடிகிறது, இங்கே அதற்குள் அடுத்த செமஸ்டர் ஆரம்பித்துச் சில வாரம் ஓடியிருக்கும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டில் கைவைக்கும். அந்த நாட்களுக்கு விலக்கு உண்டா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் பெயர். நம்மில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக இணையப் படிவம் அதைக் காலியாக விட விடாது. ஓரிடத்தில் அப்பா பெயரைப் போட்டேன், இன்னோரிடத்தில் என் பெயரையே இரண்டு முறை போட்டேன், காப்பீட்டில் ஒரு புள்ளி வைத்தேன். அங்கே போனால் நான் மூன்று ஆளாக இருக்கிறேன். எல்லாம் ஒன்றுதான் என்று நிரூபிக்க மூன்று வாரம் போனது. நேரம் இருப்பவர்கள் முதலிலேயே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதி, அதையே எல்லா இடத்திலும் ஒரு எழுத்து மாறாமல் போடுங்கள்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், இப்போதே. நெதர்லாந்தில் நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் ஊர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்ல அரசு தரும் அத்தாட்சி) போட்ட பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். நான் அம்மாவுக்குத் தலைப்பிரசவம், பிறந்தது அம்மாச்சி வீட்டுப் பக்கம், சான்றிதழில் "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பெயர் சேர்க்கவே இல்லை, இருபது வருடமாக யாருக்கும் தேவைப்படவும் இல்லை. பெயர் சேர்த்து, மாநில அரசின் சான்று வாங்கி, அதற்கு மேல் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் வாங்கி முடிக்க இரண்டரை மாதம். விசாவைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் அது எளிது. அங்குள்ள பல்கலைக்கழகமே உங்களுக்காகக் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பித்துவிடும், அனுமதி வந்தபின் பாஸ்போர்ட்டில் ஒட்டி வாங்குவது மட்டும்தான் நம் வேலை.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு கல்லூரிகளும் போட்ட பரிமாற்ற ஒப்பந்தப்படி போகும் மாணவருக்கு அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் உதவித்தொகை உங்கள் கல்லூரிக்கு உண்டா என்று கேளுங்கள், இருந்தால் பெரிய பாரம் குறையும். எனக்கு இல்லை, அறை வாடகை மட்டும் மாதம் 480 யூரோ. பார்ட் டைம் வேலை பார்த்து ஈடுகட்டிவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் மாணவர் வாரம் 16 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதற்கும் முதலாளி தனி அனுமதி வாங்க வேண்டும், ஒரு செமஸ்டர் தங்கும் பிள்ளைக்காக அந்த அலைச்சலை யாரும் படமாட்டார்கள். குக்கர் கொண்டுபோவதானால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்ற அடிப்பாகம் உள்ளதாகப் பாருங்கள். கறிவேப்பிலையும் அரிசியும் அங்கேயே டோக்கோ எனப்படும் ஆசியக் கடைகளில் கிடைக்கிறது. பாட்டி கட்டிக்கொடுத்த நாலு கிலோ புளியை நான் சுமந்து போயிருக்க வேண்டாம்.

இனிப் படிப்பு. ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ், அதாவது ஐரோப்பிய கிரெடிட். அங்கே ஒரு இசிடிஎஸ் என்றால் 28 மணி நேர வேலை, ஆக 840 மணி நேரம். இருபது வாரத்தில் வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு 42 மணி. இதை நான் ஏதோ அலங்காரக் கணக்கு என்றுதான் நினைத்தேன். வகுப்பு வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம்கூட இல்லையே, மீதியெல்லாம் லீவு என்று முதல் இரண்டு வாரம் சைக்கிளில் சுற்றினேன். மூன்றாவது வாரம் குழுக்கூட்டத்தில் உட்கார்ந்தபோது மற்ற நான்கு பேரும் ஆளுக்கு மூன்று கட்டுரை படித்துக் குறிப்போடு வந்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒப்பேற்றும் வித்தை நமக்கு நன்றாகத் தெரியும். அது அங்கே உதவாது, ஏனென்றால் மார்க்கில் பெரும்பகுதி அந்தந்த வாரத்து வேலைக்கே போய்விடுகிறது.

வாயைத் திறப்பது இன்னும் கஷ்டம். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு வரவில்லை, ஒரு மாதம் பெயரே சொல்லாமல் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே ஓட்டினேன். நான் தவறாகப் போட்ட கணக்கை அவர் எல்லோர் முன்னாலும் தவறு என்பார், அடுத்த நிமிடம் சேர்ந்து காபி குடிப்பார். திட்டுகிறாரோ என்று நான்தான் ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

எனக்கு வாய் திறந்தது தண்ணீரால்தான். நீர் மேலாண்மைப் பாடம் எடுத்திருந்தேன். அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953 வெள்ளத்தில் 1,800 பேருக்கு மேல் செத்தபின் கடலை மறித்துக் கட்டியவற்றைப் பார்க்க உலகமே வருகிறது, ஆனால் எனக்கு அதிசயமாகப் பட்டது அதைவிடப் பழைய ஒன்று. வாய்க்காலையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் நீர் வாரியங்கள். டெல்ஃப்லண்ட் பகுதியின் வாரியம் 1289-லிருந்து இருக்கிறது. நாடு முழுக்க 21 வாரியம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், தனி வரி. வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை எழுதி வைத்து அந்த மட்டத்திலேயே நிறுத்துகிறார்கள். மழை கூடினால் பம்ப் ஓடும்.

எங்கள் குழுவில் ஒரு டச்சுப் பையன், தண்ணீர் பற்றாக்குறை வந்தால் கடைசி வயலுக்கு எப்படிக் கணக்கிட்டுக் கொடுப்பது என்று ஏதோ மென்பொருளில் போட்டுக்கொண்டிருந்தான். நான் அதைப் பார்த்து, கடைசி வயலுக்கு வராது என்றேன். ஏன் என்றான். மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், அங்கிருந்து எங்கள் ஊர் வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, முறை வைத்தாலும் மேல்மடைக்காரர் ராத்திரி மடையைத் திறந்துகொள்வார், ஆகாயத்தாமரை பாதி அடைத்திருக்கும் என்று அரைமணி நேரம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அதன்பின் எங்கள் திட்டப்பணியே மாறிவிட்டது, கடைமடையை நடுவில் வைத்து எழுதினோம். எனக்குக் கிடைத்த ஒரே 8.5 அதுதான். பாடம் தேர்வு செய்யும்போது பெயர் பெரிதாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். இயந்திரக் கற்றல் ஒன்றையும் அப்படித்தான் எடுத்தேன், அதில் பேச எனக்கு ஒன்றுமே இல்லை, 6 வாங்கினேன்.

நவம்பரில் ஒருநாள் அப்பா வீடியோவில் வந்தார். கடிகாரத்தை அங்கே அக்டோபர் கடைசியில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும், அதனால் எனக்கு நல்ல வெளிச்சம், அங்கே இருட்டிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார், சம்பா முழுக்கத் தண்ணீர், பயிர் நுனி மட்டும் தெரிந்தது.

"அங்க மழை இல்லையாம்மா?"

"ஒரு வாரமா பெய்யுதுப்பா. நிக்கல, இறைச்சுடுறாங்க."

"யாரு இறைக்கிறா?"

சொன்னேன். வாரியம், வரி, பம்ப் எல்லாம். கேட்டுவிட்டு, "நம்ம ஆத்துல வடிகால் தூர்வாரி எத்தன வருசமாச்சு தெரியுமா" என்றார், அப்புறம் கட் ஆகிவிட்டது.

தேர்வைப் பற்றி ஒன்று. பாடத்தில் சேர்ந்தால் தேர்வுக்கும் தானாகப் பெயர் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், நான் படித்த இடத்தில் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கடைசி நாள் தேர்வுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். ஒன்றைத் தவறவிட இருந்தேன், அறைத்தோழி கேட்டதால் தப்பினேன். மறுதேர்வு உண்டுதான், ஆனால் அது நாம் ஊர் திரும்பியபின் வரலாம், அதற்காக யார் டிக்கெட் போடுவது. ஆகவே முதல் முறையே கடைசி முறை. எனக்குப் பொங்கலன்று ஒரு தேர்வு. காலையில் பால் பொங்கும் வீடியோ அனுப்பியிருந்தார்கள், மூன்று மணி நேரத் தாள் எழுதிவிட்டு வந்துதான் பார்த்தேன்.

கிளம்பும் வாரத்தில் நகராட்சியில் பெயரை நீக்கிவிட்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வர சில வாரம் ஆகும், அதை நேராக உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவுக்கே அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு நகல் உங்கள் மின்னஞ்சலுக்கும் கேளுங்கள். அறைக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். எனக்கு அது ஏப்ரலில்தான் வந்தது.