கேதாரத்துக்குக் கொண்டுபோன நெய்

இவருக்கு பைபாஸ் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "கேதாரநாதா, இவரை எழுப்பிக் கொடு. நடந்தே வந்து என் கையால் நெய் சாத்துகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அவன் எழுப்பிக் கொடுத்துவிட்டான். மூன்று வருஷம் இழுத்தடித்தது நாங்கள்தான்.

இவர் பாடல் பெற்ற தலங்களுக்கென்று ஒரு நோட்டுப் போட்டு, பார்த்ததையெல்லாம் டிக் அடித்து வருபவர். வடநாட்டுப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எனக்கோ மலை என்றால் கொள்ளை ஆசை. சதுரகிரி, பர்வதமலை என்று யார் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன். அதனால் வேண்டுதலில் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது, மறைப்பானேன்?

டிக்கெட் போட உட்கார்ந்தபோது மகள் சொன்னாள்: "டெல்லிக்கு ஃப்ளைட், டேராடூனுக்கு ஃப்ளைட், மேலே ஹெலிகாப்டர். இவ்வளவு புகையைக் கக்கிட்டுப் போயி, அங்கே பனி உருகுதேன்னு வந்து புலம்புவே. நடந்து வரேன்னுதானேம்மா வேண்டிக்கிட்டே?" சுவாமி காரியத்தில் என்ன கணக்கு என்று சுள்ளென்று கோபம் வந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து ரயிலுக்குப் போடச் சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு ராத்திரி. புளியோதரை மறுநாள் மதியம் வரை தாங்கியது.

ஹரித்வாரிலிருந்து குப்தகாசிக்கு பஸ்ஸில் ஒரு முழுப் பகல். இவரை மலை ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். லாட்ஜ் வாசலிலேயே ஹெலிகாப்டர் டிக்கெட் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் ஒட்டிக்கொண்டான். அவன் சொன்ன விலையைக் கேட்டதுமே எனக்கு மூச்சு வாங்கியது. இவர் சிரித்தார். "சம்பந்தரும் சுந்தரரும் தெற்கே காளஹஸ்தியில் நின்னுக்கிட்டே கேதாரத்தைப் பாடினாங்க. நான் குப்தகாசி வரைக்கும் வந்திருக்கேனே, போதாதா? நீ போயிட்டு வா."

நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டத்தைத்தான் அனேகதங்காவதம் என்பார்கள், சம்பந்தர் பாடிய தலம். ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு கும்பிடு போட விட்டால்தானே! "கோடா, கோடா" என்று குதிரைக்காரர்கள் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் என் பையையே பிடித்து இழுத்தான். அவர்களுக்கும் ஆறு மாதச் சம்பாத்தியம்தான், புரிகிறது. ஆனால் பாதையில் முதுகெலும்பு துருத்திக்கொண்டு, சாணிச் சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறும் அந்த ஜீவன்களைப் பார்த்தால் ஏறி உட்கார மனசு வராது.

பதினாறு கிலோமீட்டர். பீம்பலி தாண்டியதும் தூறல் பிடித்தது. பின்னால் வந்த குதிரை ஒன்று என்னைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தான், கால் நடுக்கம் அடங்கவே பத்து நிமிஷமாயிற்று. கீழே மந்தாகினி ஆறு. அந்தப் பக்கம்தான் ராம்பாடா என்ற ஊர் இருந்தது. 2013 ஜூனில் மேகம் கொட்டித் தீர்த்து, கோயிலுக்கு மேலே பனிப்பாறையை ஒட்டியிருந்த சோராபாரி ஏரியும் உடைத்துக்கொண்டு வந்தபோது அடித்துப் போய்விட்டது. அதனால்தான் இப்போது பாதை ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் ஏறுகிறது.

தூறல் விட்டதும் தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள், டவுன் பஸ் மாதிரி ஒன்று போக ஒன்று. பேச்சுகூடக் கேட்காத இரைச்சல். இது கஸ்தூரி மானுக்கென்று ஒதுக்கிய காடு. அந்த மான் இந்தச் சத்தத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? அவற்றில் வருகிறவர்களைத் திட்டவும் வாய் வரவில்லை. இவரைப் போல நெஞ்சில் தையலோடு ஒருவர் அதில் இருக்கலாம். சோன்பிரயாகிலிருந்து ரோப் கார் வரப்போகிறதாம், 36 நிமிஷத்தில் மேலே போய்விடலாமாம். இவருக்கு அது வந்தால் நல்லது. மலைக்கு? ஏற்கெனவே கோயிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம், செல்ஃபி எடுக்கிறவர்களின் முழங்கை இடி.

அக்டோபர் என்பதால் கர்ப்பக்கிரகத்துக்குள் விட்டார்கள். இருட்டில் மூன்று மணி நேர வரிசை, உறைபனிக் குளிர். உள்ளே போய்ச் சம்புடத்தைத் திறந்தால் ஊரில் காய்ச்சிக் கொண்டுவந்த நெய் சுண்ணாம்புக் கட்டியாக இறுகிக் கிடக்கிறது. பண்டா, அதாவது அங்கத்துப் புரோகிதர், "சல்தி, சல்தி" என்று அவசரப்படுத்துகிறார். நகத்தால் சுரண்டி எடுத்து அந்தப் பாறையில் வைத்துத் தேய்த்தேன். வெறும் பாறைதான், முக்கோணமாக, முகமில்லை, அலங்காரமில்லை. கை மரத்துப்போயிற்று. நெய் மட்டும் உள்ளங்கைக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்ல மெல்ல இளகியது. சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது. இவர் நட்சத்திரம்கூட ஞாபகம் வரவில்லை. "வந்துட்டேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன். அழுதேனா என்றும் தெரியவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் நெய்ப் பிசுக்கு.

கோயிலுக்குப் பின்னால் பீமசிலை. அந்த வெள்ளத்தில் உருண்டு வந்து, தண்ணீரை இரண்டாகப் பிரித்துக் கோயிலைக் காத்த பாறை. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தீபாவளி கழிந்ததும் சுவாமி பல்லக்கில் உகிமடத்துக்கு இறங்கிவிடுவார். ஆறு மாதம் இங்கே ஈ காக்காய் இருக்காது. யார் வகுத்த வழக்கமோ, அவர்களுக்கு மலையைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

மறுநாள் குப்தகாசி வந்து சேர்ந்தபோது இவர் லாட்ஜ் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலுக்குச் சம்புடத்தின் அடியிலிருந்த மிச்ச நெய் நெகிழ்ந்திருந்தது. திறந்து நீட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு விரலால் தொட்டு எடுத்து, சட்டைப் பித்தானைக் கழற்றி, நெஞ்சில் இருந்த தழும்பின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.