கேள்விகள் குறையும் வீடு

2025 ஜூன் 2, திங்கள்

இன்று காலை அனைவரும் கிளம்பும் அவசரத்தில் வீட்டில் எழுந்த கேள்விகளைக் குறித்துக்கொண்டே வந்தேன்: வண்டிச் சாவி எங்கே, சீருடை காய்ந்துவிட்டதா, பள்ளிப் படிவத்தை என்றைக்குள் கொடுக்க வேண்டும், மாமாவின் (கணவரின் அப்பா) இரத்த அழுத்த மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும். அத்தனையும் என்னிடமே வந்தன. ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது, ஒவ்வொரு வேலையும் எந்த அளவில் நிற்கிறது என்பதெல்லாம் என் ஒருத்தியின் நினைவில் மட்டுமே இருப்பதால்தான் காலை நேரத்தில் குரல்கள் உயர்கின்றன என்று நினைக்கிறேன். எனவே அலமாரிகளை அழகாக அடுக்குவதைவிட, யாரையும் கேட்காமல் யாரும் தமக்கு வேண்டியதைக் கண்டெடுக்கும்படி வீட்டை அமைப்பதே இனி என் வேலை.

ஜூன் 5, வியாழன்

வீட்டை நடத்துவதற்கான சிந்தனை உழைப்பைப் பற்றி அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கணவரிடம் பேசினேன். தேவையை முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நிறைவேறுகிறதா என்று கவனிப்பது என்று அவர் அந்த உழைப்பை நான்காகப் பிரிக்கிறார். முடிவெடுப்பதில் தம்பதியர் பெரும்பாலும் சேர்ந்தே ஈடுபடுகிறார்கள் என்றும், முன்கூட்டி உணர்வதும் தொடர்ந்து கவனிப்பதும் பெண்களிடமே அதிகம் தங்கிவிடுகின்றன என்றும் அவர் கண்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் கணவர், “அப்படியானால் எனக்கு வேலைகளைச் சொல்லாதே, பொறுப்பைக் கொடு” என்றார். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாமாவின் மருந்துகளும் மருத்துவரைப் பார்க்கும் நாள்களும் இன்றுமுதல் முழுவதுமாக அவருடையவை. தீர்வதற்கு முன்பே வாங்கிவைப்பதும் அதில் அடங்கும். நான் நினைவூட்டப் போவதில்லை. நினைவூட்டினால் கவனிக்கும் வேலை மீண்டும் என்னிடமே திரும்பிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

பெட்டிகள் எதையும் வாங்குவதற்கு முன்பாகப் பயன்படாதவற்றை வெளியேற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். வேண்டாததை அடுக்கிவைக்கப் புதிய பெட்டி வாங்குவது இடத்தையும் பணத்தையும் சேர்த்து விழுங்கும். பகல் முழுவதும் இதிலேயே கழிந்தது.

எஞ்சியவற்றுக்கு இடம் குறித்தபோது, பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அதைவிட, வீட்டுக்குள் நுழைந்ததும் கை அதை இயல்பாக எங்கே வைக்கிறது என்பதையே பின்பற்றினோம். சாவிகளுக்குக் கதவின் பக்கத்திலேயே கொக்கிகள் அடித்தோம். பள்ளிப் பைகளுக்கான ஆணிகளைப் பிள்ளைகளின் தோள் உயரத்தில் அடித்தோம். மூடியைத் திறந்து, அடுக்கி, மறுபடி மூடுவது குழந்தைகளுக்கு நீண்ட வேலை என்பதால் விளையாட்டுப் பொருள்களுக்குத் திறந்த கூடைகளே போதும் என்று முடிவு செய்தோம். இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத மகனுக்காக ஒவ்வொரு கூடையிலும் மகள் படம் வரைந்து ஒட்டினாள். மருந்துகள் மட்டும் இதற்கு விலக்கு; பெரியவர்களுக்குத் தெரிந்த, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டிய பெட்டியில் அவை இருக்கின்றன.

ஜூன் 15, ஞாயிறு

அடுத்த வாரத்துக்கான வேலைகளை இன்று மாலை அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் எழுதினோம். இன்னும் முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது நாம் அறிந்ததே. அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே, வேலை முடிவதற்கு முன்பே அந்த அரிப்பு தணிகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011இல் சோதனைகள்வழி காட்டியிருக்கிறார்கள். அதனால் “படிவம்” என்று வெறுமனே எழுதாமல், “படிவம்: செவ்வாய் இரவு, அப்பா” என்று எழுதுகிறோம்.

ஜூன் 19, வியாழன்

பைகளை இரவே எடுத்து வைத்தோம். காலையில் யாரும் ஓடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மகளுக்குத் தேர்வு இருந்ததால் இந்த வாரம் பைகளை இரவில் எடுத்துவைக்கும் வழக்கம் ஓர் இரவு விட்டுப்போனது, அவள் வருத்தப்பட்டாள். ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று லண்டனில் ஆராய்ந்த பிலிப்பா லாலி குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வை அவளுக்குச் சொன்னேன். பாதிப் பேருக்கு 66 நாள்களுக்குள் அந்தக் காலம் முடிந்தது. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள்வரை வேறுபட்டது. இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதைக் கேட்டதும் அவளாகவே எழுந்து நாளைக்கான பையை எடுத்து வைத்தாள்.

மாமா தம் மாத்திரைகளைப் பற்றி இப்போது என் கணவரிடமே நேராகப் பேசுகிறார். அடுத்து வீட்டு ஆவணங்களை எடுத்துக்கொள்ளப் போகிறோம்: காப்பீட்டுத் தாள்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிக் கடிதங்கள். அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்பதை வரும் ஞாயிறன்று பலகையின் முன் உட்கார்ந்து முடிவு செய்வோம்.