அப்பத்தாவும் ஒன்பது ‘வெரி’யும்

ஏழாவது படிக்கும் மகளுக்கு ஆங்கில வீட்டுப்பாடம். வீட்டில் இருக்கும் ஒருவரை வர்ணித்துப் பத்து வரி எழுத வேண்டும். அவள் அப்பத்தாவைப் பிடித்துக்கொண்டாள். “மை கிராண்ட்மதர் இஸ் வெரி ஓல்ட். ஷி இஸ் வெரி ஃபேட். ஹெர் சாம்பார் ஸ்மெல்ஸ் வெரி நைஸ்.” பத்து வரியில் ஒன்பது ‘வெரி’. ஒன்பதையும் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வேறு நல்ல வார்த்தைகளாகப் போட்டு எழுதி வரச் சொல்லிவிட்டார்.

நான் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் நாற்பதைத் தாண்டினால் வீட்டில் கேசரி கிண்டுவார்கள். ஆனாலும் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தெசாரஸ் ஒன்று, அதாவது ஒரே மாதிரிப் பொருள் தரும் வார்த்தைகளைச் சேர்த்துத் தரும் அகராதி, அலமாரியில் கிடந்தது. ரோஜே என்கிற டாக்டர் 1852-இல், தன் 73-ஆவது வயதில் வெளியிட்ட சமாச்சாரம் என்று மகளிடம் கொஞ்சம் பெருமையடித்துவிட்டுப் பிரித்தேன்.

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. “மை கிராண்ட்மதர் இஸ் ஏன்ஷியன்ட். ஷி இஸ் எனார்மஸ். ஹெர் சாம்பார் ஹேஸ் எ ஸ்ட்ராங் ஓடர்.”

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “என்னைப் பத்தி என்னமோ வாசிக்கிறீக, அர்த்தம் சொல்லு தாயி.”

“ஏன்ஷியன்ட்னா தஞ்சாவூர் பெரிய கோயிலைச் சொல்லுவாங்கள்ல, அது அப்பத்தா.”

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “அடுத்தது?”

“எனார்மஸ்னா யானை, மலை…”

பூரிப்பு பாதியானது.

“ஓடர்னா சாக்கடைப் பக்கம் போனா வருமே…”

கரண்டி ‘ணங்’கென்று விழுந்தது.

தெசாரஸில் இதுதான் சங்கடம். ஸ்மெல், அரோமா, ஓடர் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கும். யாருக்கு யாரோடு ஆகாது என்பதைச் சொல்லாது. தமிழில்கூட ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம்தான். அதற்காக இன்று யார் வீட்டுச் சாம்பாரையாவது அப்படிச் சொல்லிவிட்டு ரசத்துக்கு உட்கார முடியுமா?

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “குண்டு, கிழவின்னு எதுக்குடி எழுதுற? நான் எப்படி எந்திரிக்கிறேன்னு எழுது. படிக்கிறவளுக்கு வயசு தெரியாதாக்கும்?”

மகள் மறுபடி எழுதினாள். அப்பத்தா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு தடவை முருகனைக் கூப்பிட்டுத்தான் எழுந்திருப்பார். அவர் தாளித்தால் அடுத்த வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்துவிடுவார். இதை எளிய ஆங்கிலத்தில், ஒரு ‘வெரி’ இல்லாமல். தெசாரஸ் பழையபடி அலமாரிக்குப் போனது.

மறுநாள் சாயங்காலம் நோட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். பத்துக்குப் பத்து. கீழே டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘வெரி வெரி குட்.’

ரெண்டு ‘வெரி’யையும் பென்சிலால் அழகாக வட்டம் போட்டிருந்தாள் என் மகள். நான் ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.