ஃப்ரேஸ் ரிப்ளேஸ்மென்ட்: தடித்த எழுத்துக்கு வெளியே பாருங்கள்

வங்கித் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் வரும் ஒரு கேள்வி வகையை ‘ஃப்ரேஸ் ரிப்ளேஸ்மென்ட்’ என்பார்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வில் ஏறக்குறைய இதுவே ‘சென்டென்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’. வாக்கியத்தில் ஒரு துண்டு மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அந்த இடத்தில் எது வரவேண்டும் என்பதுதான் கேள்வி. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கோச்சிங் போகிற பிள்ளைகள் கணக்கில் தேறிவிட்டு இங்கே வந்து மார்க்கை விடுவார்கள். இலக்கணம் தெரியாததால் அல்ல. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து வந்த காது ஒன்று இருக்கிறதே, அதை நம்பித்தான். அந்தக் காது பழகியது நம் ஊர் ஆங்கிலத்தில். கேள்வித்தாள் எதிர்பார்ப்பது வேறு ஆங்கிலம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில்தான் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு மேலே படியுங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தடித்த எழுத்து என்று கொள்ளுங்கள்.

முதல் பழக்கம், ஆப்ஷன்களைக் கையால் மறைப்பது. கம்ப்யூட்டர் திரையில் மறைக்க முடியாது என்றால் கண்ணையாவது இறக்காமல் வாக்கியத்தை முழுதாக வாசியுங்கள். தடித்த துண்டை நீங்கள் மாற்றலாம். அதற்கு வெளியே இருக்கும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பாதி விடை அந்த மாற்ற முடியாத சொற்களில்தான் கிடக்கிறது.

“‘நோ சூனர் ஹாட் த ரெயின் ஸ்டாப்ட்’ வென் த டாப்பர்ஸ் வென்ட் இன்டு த ரப்பர் எஸ்டேட்.” (‘டாப்பர்ஸ்’ இங்கே ரப்பர் பால் வெட்டுபவர்கள்.) காதுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ‘நோ சூனர்’ வந்தால் பின்னால் ‘தேன்’ வரவேண்டும். இங்கே வெளியே நிற்பது ‘வென்’. அதை அசைக்க முடியாது, ஆகவே உள்ளே இருப்பதுதான் மாறவேண்டும்: ‘ஹார்ட்லி ஹாட் த ரெயின் ஸ்டாப்ட்’. ஆப்ஷன்களில் ‘ஹார்ட்லி த ரெயின் ஹாட் ஸ்டாப்ட்’ என்று ஒன்றையும் வைத்திருப்பார்கள். ‘ஹார்ட்லி’ வாக்கியத்தின் தலையில் வந்தால் ‘ஹாட்’ சப்ஜெக்டுக்கு முன்னால் போகவேண்டும் என்பதை மறந்தவருக்கான பொறி அது.

இதே விஷயத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘ஆல்தோ’. “ஆல்தோ ஹீ ப்ராக்டிஸ்ட் டெய்லி, ‘பட் ஹீ குட் நாட் க்ளியர்’ த எக்ஸாம்” என்றால் ‘பட்’ போகவேண்டும். அதே வாக்கியத்தில் “‘ஆல்தோ ஹீ ப்ராக்டிஸ்ட்’ டெய்லி, பட் ஹீ குட் நாட் க்ளியர் த எக்ஸாம்” என்று தடித்த எழுத்து இடம் மாறினால் ‘ஆல்தோ’தான் போகும், ‘ஹீ ப்ராக்டிஸ்ட்’ மட்டும் நிற்கும். தவறு ஒன்றே, விடை இரண்டு. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கேதான் தடுமாறுவார்.

அடுத்தது மூட்டு பார்ப்பது. தேர்ந்தெடுத்த ஆப்ஷனை உள்ளே வைத்து, அதற்கு முந்தைய இரண்டு சொல், பிந்தைய இரண்டு சொல் இவற்றோடு சேர்த்து ஒருமுறை வாசிக்கவேண்டும். “த ஃபிஷர்மென் ஆஃப் குளச்சல் ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் ‘டு கோ டு சீ’ ஆஃப்டர் த பேன்.” ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் வரும் ‘டு’ ப்ரெபோசிஷன், பின்னால் ‘கோயிங்’தான் வரும். ஆகவே ‘டு கோயிங் டு சீ’. தடித்த எழுத்து ‘டு’-வை விட்டுவிட்டு ‘கோ’-விலிருந்து தொடங்கியிருந்தால் ‘டு கோயிங்’ என்ற ஆப்ஷன் தவறாகிவிடும், ‘டு டு கோயிங்’ என்று ஆகும் அல்லவா? அவசரத்தில் இதைப் பார்க்காமல் டிக் அடிக்கிறவர்கள் ஏராளம். ‘வித் எ வ்யூ டு’, ‘அப்ஜெக்ட் டு’, ‘அக்கஸ்டம்ட் டு’ மூன்றையும் இதே கட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(‘பேன்’ என்றது மீன்பிடித் தடைக்காலத்தை.)

நம் தவறுகளில் பெரும்பங்கு தமிழிலிருந்து வருகிறது, அதனால் அவற்றை முன்கூட்டியே கணிக்கலாம். “2019-லிருந்து இந்த பேங்க்ல வேலை பார்க்கிறான்” என்று தமிழில் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே தூக்கி ‘ஹீ இஸ் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்று வைத்தால் நமக்கு இயல்பாகவே படும். ‘சின்ஸ்’ வெளியே நின்றால் உள்ளே ‘ஹாஸ் பீன் வொர்க்கிங்’ வேண்டும். ஆரம்பித்த புள்ளிக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’. ‘சின்ஸ் ஃபோர் இயர்ஸ்’ என்று ஒன்று கிடையாது.

‘விட’ என்ற உருபு இன்னொரு குழி. ‘என்னைவிட சீனியர்’ என்று நினைத்தவுடன் கை ‘தேன்’-ஐத் தேடும். ஆனால் ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ எல்லாவற்றுக்கும் ‘டு’. ‘ப்ரிஃபர் டீ டு காஃபி’-யும் அப்படியே. விளவங்கோடு பக்கம் மலையாளமும் பேசுகிற வீடுகளில் ‘என்னெக்காள்’ என்று அங்கேயும் அதே அமைப்பு வந்து நிற்கும். இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும். ‘பற்றி’ என்ற சொல் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுத வைக்கும். ‘டிஸ்கஸ்’ஸுக்கு எதுவும் வேண்டாம். ‘கட்டாவிட்டால்’ என்பதில் எதிர்மறை இருப்பதால் ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று வரும். ‘அன்லெஸ்’ஸுக்குள் ஏற்கெனவே ‘நாட்’ இருக்கிறது, ‘அன்லெஸ் யூ பே’ போதும்.

கேள்வியை உள்ளே வைத்த வாக்கியத்தையும் பார்த்துவிடலாம். “த டூரிஸ்ட் ஆஸ்க்ட் த கண்டக்டர் ‘வேர் டிட் த பஸ் டு பேச்சிப்பாறை ஸ்டாப்’.” இது நேர்க்கேள்வி அல்ல, சொல்லப்பட்ட கேள்வி. அதனால் ‘வேர் த பஸ் டு பேச்சிப்பாறை ஸ்டாப்ட்’.

சப்ஜெக்ட்–வெர்ப் கேள்விகளில் நடுவே வரும் தொடரை விரலால் மறைத்தால் பாதி வேலை முடிந்தது. “த ப்ரைஸ் ஆஃப் ஜாஸ்மின், அலாங் வித் தட் ஆஃப் அதர் ஃப்ளவர்ஸ், ‘ரைஸ் ஷார்ப்லி’ பிஃபோர் ஓணம்.” தோவாளைச் சந்தையைத் தெரிந்தவருக்கு விலை ஏறுவது தெரியும்; ஏறுவது ‘ப்ரைஸ்’, அது ஒருமை, ஆகவே ‘ரைசஸ் ஷார்ப்லி’. பக்கத்திலேயே ‘ரெய்சஸ் ஷார்ப்லி’ இருக்கும். ‘ரெய்ஸ்’ஸுக்கு ஒரு ஆப்ஜெக்ட் வேண்டும், யாரோ எதையோ உயர்த்தவேண்டும். இங்கே தானாக ஏறுகிறது.

‘மாற்றம் தேவையில்லை’ என்ற கடைசி ஆப்ஷனைப் பலர் விடையாகவே மதிப்பதில்லை. எதையாவது மாற்றத்தானே கேட்கிறார்கள் என்று நினைப்பு. சரியாக இருந்தும் காதுக்கு உறுத்துகிற வாக்கியங்களைத்தான் அதற்கென்று பொறுக்கி வைக்கிறார்கள். ‘மெனி எ ஸ்டூடென்ட் ஹாஸ்’, ‘இட் இஸ் டைம் வீ லெஃப்ட்’, ‘ஹாட் ஹீ ஸ்டார்டெட் அர்லியர்’, ‘வெர் ஐ யூ’, ‘ஷீ சஜெஸ்டெட் தட் ஹீ கோ’. இந்த ஐந்தையும் உறுத்தல் போகும்வரை எழுதிப் பழகுங்கள். தவறு இன்னது என்று பெயர் சொல்ல முடியவில்லை என்றால் மாற்றாதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். வங்கி கிளார்க் வேலைக்கு ஐபிபிஎஸ் நடத்தும் தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம்; கேள்விக்கு 40 விநாடி. பத்தி வாசிப்பு அதைவிடக் கூடுதலாகத் தின்னும் என்பதால் இந்தக் கேள்விகளை 25 விநாடியில் முடிக்கவேண்டும். தவறுக்குக் கால் மார்க் போகும். 5 ஆப்ஷன் உள்ள கேள்விகள் 100-ஐக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக 20 சரி, 80 தவறு. 20 வந்து 20 போகும், மிச்சம் பூஜ்யம். இரண்டு ஆப்ஷனை உறுதியாகத் தள்ளிவிட்டு மீதி மூன்றில் ஒன்றை அடித்தால் 90 கேள்விக்கு 30 சரி, 60 தவறு, 15 மார்க் லாபம். ஆகவே இரண்டைத் தள்ள முடிந்தால் அடிக்கலாம், ஒன்றையும் தள்ள முடியாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

தள்ளுவதற்கு ஒரு குறுக்குவழி: ஆப்ஷன்களுக்குள் என்ன வேறுபடுகிறது என்று பாருங்கள். இரண்டில் ‘ஹாஸ்’, மூன்றில் ‘ஹேவ்’ என்றால் கேள்வியே ஒருமை பன்மைதான். அதைத் தீர்த்தால் ஒரே அடியில் இரண்டோ மூன்றோ போய்விடும்.

பயிற்சிக்கு நாள் ஒன்றுக்கு 15 கேள்வி போதும். 50 போட்டுவிட்டு விடையை மட்டும் சரிபார்ப்பதில் பயனில்லை. ஒரு நோட்டில் நான்கு பத்தி: வாக்கியம், நீங்கள் போட்ட விடை, சரியான விடை, வெளியே இருந்த எந்தச் சொல்லைப் பார்க்காமல் விட்டீர்கள். நான்காவது பத்தியை நிரப்பத்தான் அதிக நேரம் ஆகும், ஆகட்டும். ‘தினமும் இந்து எடிட்டோரியல் வாசி’ என்று எல்லோரும் சொல்வார்கள். சும்மா வாசித்தால் இந்தக் கேள்விக்குப் பெரிதாக உதவாது. அதிலிருந்து நாளுக்கு 5 வெர்ப்–ப்ரெபோசிஷன் ஜோடியை எழுதினால் உதவும். ‘கால் ஆஃப்’, ‘கால் ஃபார்’, ‘புட் அப் வித்’ போன்றவற்றுக்கு விதி எதுவும் கிடையாது, எழுதித்தான் ஏற்றவேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு பஸ்ஸில் வருகிற நேரம் பழைய ஜோடிகளைப் புரட்டச் சரியாக இருக்கும். புதிதாகப் படிக்க அந்த ரோடு விடாது.