கூலிங் வேண்டாத பீர்

எங்கள் வேலையில் பழுப்பு என்றாலே வம்பு. கிருஷ்ணகிரியைச் சுற்றியிருக்கும் மாங்கூழ் ஃபேக்டரிகளில் ஒன்றில், லேபில் உட்கார்ந்து பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), புளிப்பு, நிறம் பார்ப்பது என் பிழைப்பு. சீசனில் பெங்களூரா (வெளியூர்க்காரர்களுக்குத் தோத்தாபுரி) லோடு லோடாக வந்து இறங்கும். சூடு கொஞ்சம் கூடினாலோ, கூழ் டாங்கில் ரொம்ப நேரம் நின்றாலோ, மஞ்சள் மங்கிப் பழுப்படிக்கும். வெந்த வாசனை ஏறும். அந்த லாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

போன வாரம் மச்சான் கொடுத்த பீர், முழுக்க முழுக்க அந்தப் பழுப்பால் ஆனது.

மனைவியின் தம்பி பெல்ஜியத்தில், கென்ட் நகரத்துப் பக்கம் வேலையில் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி எடுத்து வந்தது லூட்டே பாக்பியர். எர்ட்வெல்டே என்ற ஊரில் வான் ஸ்டீன்பெர்கே ப்ரூவரி தயாரிப்பது. 330 மில்லி பாட்டில், 7.5 சதவீதம். பாக் என்பது ஜெர்மன்காரர்களின் சரக்கு, ஐன்பெக் ஊரில் பிறந்தது. லேபிளில் ஆட்டுக்கடா போடுவது அந்த வகைக்கு வழக்கம். பெல்ஜியத்துக்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் கைப்பக்குவத்தில் செய்திருக்கிறார்கள்.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் காய்கறி வைக்கிற அடித்தட்டில்தான் வைத்தான். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடியே வெளியேயும் எடுத்துவிட்டான். "டேய், கூலிங் போயிடும்டா" என்றேன். "போகட்டும் மாமா, போனாத்தான் நல்லா இருக்கும்" என்றான்.

நம்ம ஊர்க் கடையில் பீர் கேட்கிறவன் பிராண்டுக்கு முன்னாடி கேட்பது "கூலிங் இருக்கா?" என்றுதான். ஏப்ரல், மே வெயிலுக்கு அது நியாயமான கேள்வி. கடையில் கிடைக்கிற அந்த வெளிர் மஞ்சள் பீர்களில், அதாவது லாகர்களில், வாசனைக்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சில்லென்று தொண்டையில் இறங்குவதுதான் அவற்றின் வேலை. சூடேறினால் வாயில் வைக்க முடியாது. இது நேர் எதிர்.

இந்த பீருக்கென்றே பாதம் இல்லாத ஒரு கிளாஸ் உண்டாம், மரத் தாங்கியில்தான் நிற்குமாம். எங்கள் மொட்டைமாடியில் கிடைத்தது ஹார்லிக்ஸோடு ஓசியில் வந்த டம்ளர். ஊற்றினால் கெட்டியான நுரை, வெள்ளையில்லை, லேசான காபி நிறம். பீர் பார்வைக்குக் கறுப்பு. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் ஓரங்களில் கருஞ்சிவப்பு தெரிகிறது. முதல் வாய் இன்னும் குளிராக இருந்ததால் பிரெட்டின் கருகிய ஓரம் போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினோம். சையத் பாஷா மலை இருட்டி மறைகிற நேரத்துக்கு மூக்கைக் கொண்டுபோனால், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கரும்பு ஆலைக் கொப்பரையில் பாகு முறுகுகிற வாசனை! அதற்குப் பின்னால் உலர்திராட்சை, கடைசியில் லேசாகக் கிராம்பு.

கிராம்பு யாரும் போட்டதில்லை. அது ஈஸ்ட் செய்கிற வேலை. ஜெர்மன் பாக் ஒரு லாகர். குளிரில் வாரக்கணக்கில் ஊறப் போடுவார்கள், ஈஸ்ட் தன் வாசனையைக் காட்டாமல் ஒதுங்கிவிடும். பெல்ஜியப் பாணியில் கதகதப்பில் புளிக்கிற ஏல் ஈஸ்ட். அது பழ வாசனையையும் மசாலா வாசனையையும் தானே உண்டாக்கிவிடும்.

இனிப்புக்கும் கறுப்புக்கும் காரணம் மால்ட். பார்லியை முளைகட்டி உலர்த்தும்போது சூட்டைக் கூட்டினால் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி மயார் 1912-ல் எழுதிவைத்த வினை. எங்கள் லேபில் எந்த வினையைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமோ, அதே வினைதான். நாங்கள் காசு கொடுத்துத் தடுக்கிறோம், அவர்கள் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். கறுப்பு பீர் என்றால் காபிக்கொட்டை மாதிரி கசக்கும் என்று ஷிப்டில் பலர் நினைக்கிறார்கள். வறுத்துக் கருக்கிய தானியம் போட்டால்தான் அந்தக் கசப்பு வரும். இதில் கசப்பு பின்னால் எங்கேயோ நிற்கிறது.

இன்னொரு கணக்கும் எனக்குப் பிடித்தது. ஜெர்மனியில் பாக் என்று பெயர் போட, புளிப்பதற்கு முன் மால்ட் சாறு குறைந்தது 16 டிகிரி பிளேட்டோ இருக்க வேண்டும். பிளேட்டோவும் பிரிக்ஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம்ம பெங்களூராக் கூழ் 14-லிருந்து 16-க்குள் நிற்கும். அதாவது நல்ல மாங்கூழ் அளவுக்கு இனிக்கிற சாற்றை ஈஸ்ட்டுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். சும்மா இருப்பேனா, வீட்டிலிருந்த, பிரிக்ஸ் பார்க்கிற கை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்தேன். ஆல்கஹால் இருந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது என்று தெரியும், இருந்தாலும் கை கேட்கவில்லை. மச்சான் சிரித்தான்.

பெல்ஜியத்தில் கறுத்த பீர்களுக்கு பீட் சர்க்கரையில் காய்ச்சிய காண்டி சேர்ப்பதும் உண்டு. 1516-ல் பவேரியாவில் வந்த சட்டப்படி பார்லி, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பெல்ஜியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் நினைப்பது போல சர்க்கரை போட்டால் பீர் இனிக்காது. ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும், சாராயம் ஏறும், பீரின் கனம் குறையும். வாயில் தங்குகிற இனிப்பு ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மால்ட்டில் நின்றுபோனது.

குறை இல்லாமல் இல்லை. டம்ளர் பாதிக்குக் கீழே போனதும் இனிப்பு கொஞ்சம் திகட்டியது. அப்போது மனைவி கொண்டுவந்து வைத்த ஈரல் மிளகு வறுவல் காப்பாற்றியது. நாட்டுக்கோழிக் குழம்போடு சரிப்படவில்லை. மிளகாய்க் காரத்தில் பீரின் வாயு நாக்கைக் குத்துகிறது. மிளகுக்கும் இதற்கும் ஒத்துப்போகிறது. தருமபுரிக் கடலையை உப்புப் போட்டு வறுத்தாலே போதும் என்பது மச்சான் கட்சி. எனக்கு ஈரல்தான்.

அடுத்த தடவை அதே ப்ரூவரியின் கல்டன் டிராக் கொண்டுவரட்டுமா என்று கேட்டான். வெள்ளை பாட்டில், 10.5 சதவீதம். வேண்டாம், ஆறு மணி ஷிப்டுக்கு எழுந்திருக்க வேண்டியவன் நான் என்றேன். பதிலாக ஒரு ஜெர்மன் டாப்பல்பாக்கும் (பாக்கிலேயே இன்னும் கெட்டியான வகை) இதுவும் ஒன்றொன்று கேட்டிருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்தால்தான் ஈஸ்ட் செய்தது எவ்வளவு, மால்ட் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.