எத்தனை கிலோவாட் சோலார்? கணக்கு ஈ.பி. அட்டையில் இருக்கிறது

ஈ.பி. அட்டையை எடுத்து கடைசி ஆறு ரீடிங்கைக் கூட்டுங்கள். ஆறு ரீடிங் என்றால் ஒரு முழு வருஷம். கத்திரி வெயிலில் ஓடிய ஏ.சி.யும் ஐப்பசி மழையில் ஓடாத ஃபேனும் அதற்குள் அடங்கிவிடும். மே மாத பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சைஸ் முடிவு செய்தால் தேவைக்கு மேல்தான் வாங்குவீர்கள்.

உதாரணத்துக்கு, வருஷத்துக்கு 3,600 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 600, ஒரு நாளைக்கு 10 யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். பத்தை நாலால் வகுத்தால் 2.5 கிலோவாட். ஆனால் அத்தனையும் போட வேண்டியதில்லை. வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் என்ற கட்டண முறையில், பில்லில் நிற்கும் யூனிட்டை அந்த நூறுக்குள் கொண்டுவந்தாலே போதும். 550 வாட் பேனல் நாலு போட்டால் 2.2 கிலோவாட். நாளுக்கு 8.8, இரண்டு மாதத்துக்கு சுமார் 528 யூனிட். நெட் மீட்டரில் (சோலார் லைனுக்கு அனுப்பியதையும் நீங்கள் லைனிலிருந்து எடுத்ததையும் கணக்கு வைக்கும் மீட்டர்) கழித்தது போக மீதி 72.

செலவு கையைக் கடிக்கிறது என்றால் இன்னொரு எல்லைக்கோடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், 500 யூனிட்டைத் தாண்டினால் 101-லிருந்து 200 வரைக்கான குறைந்த கட்டணம் கைவிட்டுப் போகும். 600 யூனிட் வீட்டை 500-க்குக் கீழே இழுக்க ஒரு கிலோவாட்டே தாராளம். மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான பி.எம். சூர்யா கர் மானியம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதோடு 78,000-ல் நின்றுவிடும். மானியத்துக்காகவே 3 கிலோவாட் போடுபவர்கள் அந்த யூனிட் தங்களுக்குத் தேவையா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இதுவரை போட்டது பில் கணக்கு. கரண்ட் கட் கணக்கு வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு லைனை நிறுத்துவார்கள். மாடியில் வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் ஓடாது. பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது பழுதல்ல. கட் நேரத்திலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி, ஈ.பி. லைன் மூன்றையும் கையாளுவது) வேண்டும்.

பேட்டரிக்கு வீட்டின் மொத்த லோடையும் எழுதாதீர்கள், கட் நேரத்தில் இல்லாமல் முடியாததை மட்டும் எழுதுங்கள். பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) ஃபேன் மூன்று 90 வாட், எல்.இ.டி. பல்பு ஐந்து 45, வைஃபை ரவுட்டர் 10. ஆக 145 வாட். ஐந்து மணி நேரத்துக்கு 725 வாட்-அவர். ஃபிரிட்ஜுக்கு ஒரு 250 சேர்த்தால் ஏறக்குறைய 1,000 வாட்-அவர், அதாவது 1 யூனிட். (பழைய ஃபேன் ஒன்றே 75 வாட் இழுக்கும். பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுவது லாபம்.)

12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரி, அதாவது வழக்கமான லெட்-ஆசிட் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-அவர் இருப்பதாகக் கணக்கு. ஆனால் லெட்-ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். பாதி 900, இன்வெர்ட்டரில் போகும் நஷ்டம் கழித்தால் 765. நமக்கு வேண்டியது 1,000 என்பதால் இரண்டு பேட்டரி, 24 வோல்ட். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட்டில் 25.6 வோல்ட் 100 ஏ.எச். ஒன்று போதும், 80 சதவீதம் இறக்கினாலும் 2 யூனிட் கிடைக்கும். தண்ணீர் மோட்டாரை மட்டும் இந்த லைனில் சேர்க்காதீர்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட்தான், ஆனால் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். தொட்டியைப் பகலிலேயே நிரப்பி வைத்துவிடுங்கள்.

அடுத்து, பேனலைத் திருப்பிப் போட்டு முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். அதிகம் பேர் தப்பு செய்வது இங்கேதான். 550 வாட் பேனலில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதிலும் மாட்டாதபோது இருக்கும் வோல்டேஜ்) 49.5 அளவில் இருக்கும். நாலும் சீரிஸ் (ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில் கோப்பது) என்றால் எல்லாம் கூடி 198 வோல்ட். சில ஹைபிரிட் இன்வெர்ட்டர்களின் சோலார் பக்கம் 145 வோல்ட்தான் தாங்கும். அதில் 198-ஐக் கொடுத்தால் முதல் நாளே புகையும், வாரண்டியும் கிடைக்காது. அங்கே இரண்டிரண்டாக சீரிஸ் போட்டு, அவற்றைப் பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்க்க வேண்டும். ஊட்டி மாதிரி குளிர் ஊரில் அதிகாலையில் வோல்டேஜ் இன்னும் 7 சதவீதம் ஏறும், அதற்கும் இடம் விடுங்கள்.

வெயிலில் நடப்பது நேர் எதிர். மொட்டை மாடியில் உச்சி வேளையில் பேனல் சூடு 65 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் பவர் குறைவதால் 550 வாட் 473 ஆகிறது. "2.2 போட்டோம், 1.8-தான் காட்டுகிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பேனலுக்கு அடியில் காற்று போக இடம் விட்டால் கொஞ்சம் மிச்சமாகும்.

நிழல் இதைவிட மோசம். தெற்குப் பக்கத் தண்ணீர்த் தொட்டி 5 அடி உயரம் என்றால், சென்னையில் மார்கழி உச்சி வெயிலிலேயே வடக்கே மூன்றரை அடிக்கு மேல் நிழல் விழும். காலை 9-க்கும் மாலை 3-க்கும் இன்னும் நீளும். ஜூனில் சூரியன் வடக்கே சாய்வதால் நிழல் தெற்கே விழும், ஆனால் அது ஒரு அடிக்குள்தான். ஆகவே மார்கழி நிழலைப் பார்த்து இடம் குறியுங்கள். தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோர மாவட்டங்களில் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சருக்கு ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு) தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். கஜா புயல் வந்த ஊர்க்காரர்களுக்கு ஃபவுண்டேஷன் போல்ட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சின்னச் சாமான்களில்தான் தீப்பிடிக்கிறது. பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரில் ஒரு கம்பெனி ஆணையும் வேறு கம்பெனி பெண்ணையும் செருகினால் 'க்ளிக்' என்று மாட்டத்தான் செய்யும், உள்ளே தொடுப்பு சரியாக உட்காராது. 13 ஆம்ப்ஸ் அதன் வழியே தினமும் போக, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். கனெக்டர் முனையை ஒயரில் அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் டூல் இல்லாமல் குறடால் நசுக்கினாலும் இதே கதிதான். அதே போல, பேனல் கரண்ட் (டி.சி.) வரும் பெட்டியில் வீட்டு லைன் கரண்டுக்கான (ஏ.சி.) எம்.சி.பி.யை, அதாவது தானாக டிரிப் ஆகும் சுவிட்சைப் போட விடாதீர்கள். ஏ.சி. நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் பொறி அணையும், டி.சி.யில் தொடாது, பொறி நின்று எரியும். எர்த்திங் மூன்று குழி: டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று.

இன்வெர்ட்டரில் ஒயரை மாட்டும் முன் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து ஸ்ட்ரிங்கை (சீரிஸில் கோத்த பேனல் வரிசையை) அளக்கச் சொல்லுங்கள். நல்ல வெயிலில் சூட்டால் வோல்டேஜ் இறங்குவதால், சீரிஸில் உள்ள நாலு பேனலுக்கு 180 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 135 காட்டினால் ஒரு பேனல் விட்டுப்போயிருக்கிறது. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி வந்தால் மீட்டரின் சிவப்பு முனை எந்த ஒயரில் இருக்கிறது என்று பாருங்கள். பிளஸ் ஒயரில்தான் என்றால் ஒயர் மாறியிருக்கிறது, அது சரியாகும் வரை சுவிட்சைத் தொடக் கூடாது.