இடது வளைவில் காத்திருந்து திரும்புதல்: ஏழாவது வாரம்

நேற்றுக் காலை மலைச்சாலையில் பைக்கில் 14 இடது வளைவுகளில் 13-ஐ நடுவில் பிரேக்கைத் தொடாமல், மையக்கோட்டுப் பக்கம் ஒதுங்காமல் முடித்தேன். ஏழு வாரமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனம் நிறைந்திருக்கிறது, சூட்டோடு எழுதிவிடுகிறேன். இடப்பக்கம் ஓட்டும் சாலையை வைத்துத்தான் எழுதுகிறேன். வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

என் தொல்லை இதுதான். வலது வளைவுகள் ஓரளவு ஒழுங்காக வரும். இடது வளைவில் மட்டும் பாதி தாண்டியதும் பைக் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். வெளிப்பக்கம் என்றால் எதிரே வருகிறவரின் பாதை. அங்கே ஒரு லாரி வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வேகம்தான் காரணம் என்று நினைத்து 45-லிருந்து 38-க்குக் குறைத்தேன். தள்ளுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. மெதுவாகப் போனாலும் அதே தவறான கோட்டில்தான் போனேன்.

அடுத்த சந்தேகம், பைக்கைப் போதுமான அளவு சாய்க்கவில்லையோ என்பது. பின் டயரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாக்பீஸால் தடித்த கோடு போட்டுக்கொண்டு போய் வந்தேன். தரையில் பட்ட இடமெல்லாம் கோடு அழிந்துவிடும், படாத இடத்தில் அப்படியே நிற்கும். வலது ஓரத்தில் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது, இடது ஓரத்தில் இரண்டு விரலுக்கும் மேல். ஆக, இடப்பக்கம் சாய்க்கத் தயங்குகிறேன் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் காலி மைதானத்தில் 10 மீட்டர் ஆரத்தில் வட்டம் அடித்தேன். அந்த வட்டத்தில் 20 கி.மீ. வேகத்துக்குச் சாய்வு சுமார் 18 பாகை, 25-க்கு 26, 30-க்கு 35. ஐந்து ஐந்து கிலோமீட்டர்தான் கூடுகிறது, சாய்வு இப்படி ஏறுகிறது. வேகத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் இப்படி. வளைவுக்குள் நுழையும் முன் குறைக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு மதிப்பு என்பது அங்கேதான் உடம்பில் ஏறியது.

இரண்டு வாரத்தில் சாக்பீஸ் கோடு இரு பக்கமும் சமமாக அழிந்தது. மகிழ்ச்சியோடு மலைக்குப் போனால், மறுபடியும் அதே தள்ளல். அன்று திரும்பி வரும்போது இருந்த சலிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் மார்பில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஓட்டி, வீட்டில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். முதல் மூன்று வளைவிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நான் சீக்கிரம் திரும்புகிறேன். வளைவு தொடங்கியதுமே உள் ஓரத்தைப் பிடித்துவிடுகிறேன். ஆனால் சாலை இன்னும் வளைந்துகொண்டே போகிறது. மிச்ச வளைவை இன்னும் இறுக்கமாக எடுத்தாக வேண்டும். 30 மீட்டர் ஆரத்தில் 40-ல் போனால் 23 பாகை போதும். சீக்கிரம் திரும்பியதால் பின்பாதி 20 மீட்டர் ஆரமாகச் சுருங்கினால், அதே 40-க்கு 32 பாகை கேட்கும். அந்தக் கூடுதல் ஒன்பது பாகையை வளைவின் நடுவில், பயந்த நிலையில் யாராலும் கொடுக்க முடியாது. கை ஆக்சிலரேட்டரை மூடும், கண் எதிர்ப்பக்கம் ஓடும், கண் போன இடத்துக்கு வண்டியும் போகும்.

தாமதமாகத் திரும்பு என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம். எப்போது வரை பொறுப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மறையும் புள்ளியை, அதாவது சாலையின் இரண்டு ஓரங்களும் சேர்வதுபோலத் தெரியும் அந்த இடத்தை, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வேகத்துக்காக மட்டும் பார்த்தேன். புள்ளி நம்மை நோக்கி நெருங்கினால் குறை, நம் வேகத்தில் விலகினால் அப்படியே போ, வேகமாக ஓடினால் ஆக்சிலரேட்டரைத் திற. திரும்ப வேண்டிய நேரத்தையும் அதே புள்ளி சொல்கிறது என்பது இந்த வாரம்தான் உறைத்தது. வளைவை நெருங்கும்போது புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிடும். அது அப்படி நிற்கிற நேரம் முழுக்க நானும் என் பாதையின் வலப்பகுதியிலேயே நிமிர்ந்து போக வேண்டும். புள்ளி நின்ற இடத்தை விட்டு அசைந்து, ஓரமாக நழுவத் தொடங்கி, வளைவின் மறுபக்கம் ஒரு துண்டு சாலை தெரிந்ததும்தான் திருப்புவது.

அந்த ஒரு விநாடி இருக்கிறதே, அதுதான் முழுப் பயிற்சியும். கை அரிக்கும். உள் ஓரப் புல் "வா வா" என்று இழுக்கும். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன்: "இரு... இரு... இரு... இப்போ." கண்ணாடியில் மூச்சு படிந்து ஆவி பிடிக்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன். வாய் சொல்லும் வரை கை காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

ஆனால் இதில் இன்னொரு முடிச்சு இருந்தது. தாமதமாகத் திரும்பினால் சட்டென்று திரும்ப வேண்டும். என் பைக் இடப்பக்கம் சோம்பலாகவே சாயும். அதை ஈடுகட்டத்தான் இத்தனை நாளும் சீக்கிரம் தொடங்கியிருக்கிறேன். மைதானத்தில் தரையில் ஒரு கோடு போட்டு, 30-ல் வந்து, கோட்டில் இடது ஹேண்டில்பாரை முன்னோக்கி ஒரே அழுத்து அழுத்திப் பார்த்தேன் (ஓடுகிற பைக்கில் இடது பிடியை முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம்தான் சாயும்). உள்ளங்கை அழுத்துகிறது, பைக் மட்டும் யோசிக்கிறது. பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது: வலது கை. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் பிடித்திருக்கிற அந்தக் கை, முழங்கை பூட்டிக்கொண்டு, இடது கை தள்ளுவதற்கு எதிராக முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. டேங்கைத் தொடையால் இறுக்கிப் பிடித்து, வலது முழங்கையைக் கோழி இறக்கைபோல ஒருமுறை ஆட்டித் தளர்த்திவிட்டு அழுத்தினேன். பைக் பொத்தென்று சாய்ந்தது. முதல்முறை நானே திடுக்கிட்டேன். இப்போது ஒவ்வொரு இடது வளைவுக்கும் முன்னால் அந்த முழங்கை ஆட்டல் உண்டு. பிரேக்கையும் கியரையும் நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிடுகிறேன், சாய்ந்தபின் ஆக்சிலரேட்டர் லேசாகத் திறந்தே இருக்கும்.

வலப்பகுதியில் போவதைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். அது பார்வைக்காக மட்டும்தான். எதிரே வண்டி வரும் அறிகுறி தெரிந்தால், ஒலி கேட்டால், அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்து இடப்பக்கம் வந்துவிடுகிறேன். வளைவில் நான் போகும் கோடு கெட்டுப்போனால் போகட்டும், வேகத்தைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். வலது வளைவில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சக்கரம் மையக்கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், 25 பாகை சாய்ந்த பைக்கில் நம் தலை சக்கரத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் வெளியே இருக்கும். கேமராவில் கோட்டை ஒட்டி உருண்ட என் டயரைப் பார்த்துப் பெருமைப்பட்டு, அடுத்த நொடி தலை இருந்த இடத்தைக் கணக்குப் போட்டபோது வயிறு கலங்கிவிட்டது. அந்த வளைவுகளில் இப்போது கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளித்தான் உள்பக்கம் தொடுகிறேன்.

நேற்று தவறிய அந்த ஒன்று, கீழிருந்து ஒன்பதாவது வளைவு. புள்ளி நகர்ந்தது, திருப்பினேன், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தேன். பாதியில் புள்ளி மறுபடி நின்று என்னை நோக்கி வர ஆரம்பித்தது. போகப்போக இறுகும் வளைவு. பிரேக்கைப் பிடுங்கவில்லை, அது எனக்குத் திருப்தி. தலையை இன்னும் இடப்பக்கம் திருப்பி, இன்னொரு அழுத்து அழுத்தினேன், வண்டி வந்தது. ஆனாலும் மையக்கோட்டுக்கு ஒரு அடி தூரம் வரை போய்விட்டேன். முதல் அசைவை நம்பி ஆக்சிலரேட்டரைத் திறந்தது தவறு. சாலை முழுக்க நிமிர்வது தெரியும் வரை வலது கை சும்மா இருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வளைவில் உள் ஓரம் நெடுக ஜல்லி சிதறிக் கிடந்தது. பழைய பழக்கத்தில் போயிருந்தால் நேராக அதன் மேல் சாய்ந்திருப்பேன். காத்திருந்ததால் சாயும் முன்பே கண்ணில் பட்டது.

டயர் பற்றியும் கொஞ்சம். பின் டயர் தேய்ந்து வருகிறது. கடைக்காரர் ஒரு அளவு அகலமானதைப் போடச் சொல்கிறார், சாலையைக் கவ்விப் பிடிக்குமாம். நான் போடப்போவதில்லை. அதே ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் வடிவம் பிதுங்கிவிடும், அதே வளைவுக்கு இன்னும் கூடுதலாகச் சாய்க்கவும் வேண்டிவரும். ஏழு வாரம் பாடுபட்டு வாங்கிய சாய்வை எதற்கு டயருக்குத் தாரை வார்ப்பது? கம்பெனி அளவுதான். புதிது மாட்டினால் முதல் 150 கிலோமீட்டராவது பதமாக ஓட்ட வேண்டும் என்பதால், மலைக்கு முன்னால் சமவெளியில் இரண்டு நாள் போக வேண்டும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும் காலையிலேயே பார்த்துவிடுகிறேன். ஒருமுறை சூட்டில் பார்த்து, கூடுதலாகக் காட்டுகிறதென்று காற்றை இறக்கிவிட்டு, அன்று முழுக்க ஹேண்டில்பார் கனத்துத் தொல்லைப்பட்டேன்.

ஈரச்சாலையில் இதையே குறைந்த வேகத்தில் செய்து பார்க்கும் திட்டமும் இருக்கிறது. பெயின்ட் கோடுகள் மழையில் சறுக்கும் என்பதால் அதைத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த ஒன்பதாவது வளைவு. சாக்பீஸ் கோடு போட்டாயிற்று. வரும் ஞாயிறு விடியலில், போக்குவரத்து தொடங்கும் முன், அதை மட்டும் ஆறு முறை ஏறி இறங்கப்போகிறேன்.